நீதிபதிகளுக்கும் ஒரு பள்ளிக்கூடம்

இத்தாலி நாட்டிலே தூரின் என்றொரு நகரம். மோட்டார் வண்டித் தொழிலுக்குப் பெயர் போன ஊர். அங்கே போ நதிக்கரையில் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் ஒரு பயிற்சி நிலையம் வைத்திருக்கிறது. 1964-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர்களும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் போய்ப் படித்து வரும் இடம் அது என்றுதான் நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். அந்தப் பள்ளியில் நீதிபதிகளும் மாணவர்களாக உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. நீதிபதிகள், வழக்கறிஞர்கள், சட்டக் கல்லூரி ஆசிரியர்கள் ஆகியோருக்கென்றே அங்கு ஒரு தனி வகுப்பு நடக்கிறது. ஜெனீவாவில் எழுதப்பட்ட தொழிலாளர் உடன்படிக்கைகளைத் தத்தம் நாட்டு நீதிமன்றங்களில் எப்படிக் கையாளுவது என்பதே அவர்களுடைய பாடம்.

பால்மரம் வெட்டுகிறவனுக்கு இத்தாலியில் நடக்கும் வகுப்பைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். கவலை உண்டு, அதைச் சொல்லவே இன்று இந்தப் பத்தியை எடுத்துக்கொண்டோம்.

கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை நீக்கப்பட்ட தொழிலாளி என்ன செய்கிறார்? கையில் ஒரு கடிதத்துடன் ரயிலேறிக் கோலாலம்பூர் வருகிறார். பிரிக்பீல்ட்ஸில் மாடிப்படி ஏறி ஒரு வழக்கறிஞரின் காரியாலயத்தில் உட்காருகிறார். வழக்கறிஞர் நல்லவர், படித்தவர். 1967-ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டத்தைப் புரட்டுகிறார், 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தைப் புரட்டுகிறார், பழைய தீர்ப்புகளைப் புரட்டுகிறார். புரட்டாத ஏடு ஒன்று உண்டு. இந்த நாடு உலகத்தின் முன்னிலையில் கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்குறுதி ஏடுதான் அது. அவர் அதை மனுவில் எழுதாவிட்டால் நீதிபதி தாமாகத் தேடி எடுப்பாரா? எடுக்கமாட்டார். அவருக்கும் அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த ஏட்டில் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். கட்டாய வேலையை ஒழிக்கும் 29-ஆம் உடன்படிக்கையை மலாயா 1957-லேயே ஏற்றுக்கொண்டது. சங்கம் அமைத்துக் கூட்டுப் பேரம் பேசும் உரிமையைக் கூறும் 98-ஆம் உடன்படிக்கையை 1961-ல் ஏற்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சமக் கூலி என்னும் 100-ஆம் உடன்படிக்கை 1997-ல் வந்தது. இவை ஏற்றவை. ஏற்காமல் விட்டவையும் உண்டு. 98-க்கு மூத்த சகோதரனான 87-ஐ 1961-ல் தொடாமலே விட்டுவிட்டார்கள். 1958-ல் தோட்டத் தொழிலாளருக்கென்றே ஜெனீவா எழுதிய 110-ஆம் உடன்படிக்கையை இலங்கை 1995-ல் ஏற்றது. ரப்பரால் வாழ்ந்த நமது நாடு ஏற்கவில்லை. கட்டாய வேலையைப் பற்றிய இன்னொன்றை, 105-ஐ, 1958-ல் ஏற்று 1990-ல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறுவதற்கும் உலகச் சட்டத்தில் வழியிருக்கிறது என்பதை நாம் அப்போதுதான் கற்றுக்கொண்டோம்!

கையெழுத்துப் போட்டால் போதாதா, அது சட்டமாகிவிடாதா என்று தோழர்கள் கேட்பது இயல்பு. இங்கேதான் முடிச்சு இருக்கிறது. பிரிட்டிஷ்காரரிடமிருந்து நாம் பெற்ற முறையின்படி, அரசாங்கம் வெளிநாட்டில் போடும் கையெழுத்து உள்நாட்டில் தானாகச் சட்டமாவதில்லை. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். இயற்றும் வரை அந்த உடன்படிக்கை நீதிமன்ற வாசலில் நிற்கும் விருந்தாளிதான். உள்ளே அழைப்பதும் அழைக்காததும் நீதிபதியின் மனத்தைப் பொறுத்தது. நீதிபதியின் மனமோ அவர் கற்ற கல்வியைப் பொறுத்தது.

இதற்கு நம் கண்முன்னே நடந்த மூன்று வழக்குகள் சாட்சி. மூன்றும் கருவுற்ற பெண்களைப் பற்றியவை.

முதல் வழக்கு ஒரு விமானப் பணிப்பெண்ணுடையது. கருவுற்றால் வேலையை விட்டு விலக வேண்டும் என்று ஒரு ஷரத்து. அவர் விலக மறுத்தார், நீக்கப்பட்டார். வழக்கு படிப்படியாக ஏறிக் கூட்டரசு நீதிமன்றத்தை அடைந்தது. 2005-ல் அங்கே அவர் தோற்றார். அரசியல் சட்டத்தின் 8-ஆம் பிரிவு தரும் சமத்துவம் அரசாங்கத்துக்கு எதிராகத்தான் செல்லும். தனியார் செய்துகொண்ட ஒப்பந்தத்தைத் தொடாது என்பது தீர்ப்பின் சாரம். பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையை மலேசியா 1995-லேயே ஏற்றிருந்தது. அது அந்தப் பெண்ணுக்கு உதவவில்லை. இந்த வழக்கில் நாம் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. அந்த ஷரத்து எதில் இருந்தது தெரியுமா? கூட்டு ஒப்பந்தத்தில்! ஒரு தொழிற்சங்கமே கையொப்பமிட்ட ஏட்டில்! முதலாளிமாரை மட்டும் குறை சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

இரண்டாவது வழக்கு இங்கே பக்கத்தில், ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் நடந்தது. 2009-ல் ஒரு பெண்ணுக்குத் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்தது. கருவுற்றிருக்கிறார் என்று தெரிந்ததும் வேலை பறிபோயிற்று. 2011-ல் நீதிபதி ஸாலேஹா யூசோப் தீர்ப்பளித்தார். நாடு கையெழுத்திட்ட உடன்படிக்கை வெறும் காகிதமல்ல, அது இந்த நாட்டைக் கட்டுப்படுத்தும் என்றார். 8-ஆம் பிரிவில் 2001-ல் பால் என்ற சொல்லைச் சேர்த்ததே அந்த உடன்படிக்கையை நிறைவேற்றத்தான் என்ற நோக்கில் சட்டத்தைப் படித்தார். ஆசிரியை வென்றார். கிள்ளானில் பிள்ளை பெறும் வயதிலுள்ள ஒவ்வொரு தொழிலாளப் பெண்ணுக்கும் அது தம் சொந்த வெற்றி போலவே இருந்தது.

சந்தோஷம் நெடுநாள் நீடிக்கவில்லை. 2014-ல் மூன்றாவது வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. விமானப் பொறியியல் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஒரு பெண், பயிற்சிக் காலம் முடியும்வரை கருவுறக்கூடாது என்று ஒப்பந்தம். அந்த உடன்படிக்கைக்கு இந்நாட்டில் சட்ட வலிமை இல்லை, நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கவில்லை என்று அந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தம் செய்தாய், ஒப்பந்தத்தை மீறினாய் என்பதோடு கதை முடிந்தது.

ஒரே நாடு. ஒரே அரசியல் சட்டம். ஒரே உடன்படிக்கை. ஒரு நீதிபதிக்குத் திறந்த கதவு இன்னொருவருக்குத் திறக்கவில்லை. மேல் நீதிமன்றத்தாருக்கு இரக்கம் இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. அவர்கள் ஒப்பந்தச் சட்டம் படித்த கண்ணோடு பார்த்தார்கள். ஒப்பந்தம் என்றால் சரிநிகர் சமானமான இருவர் பேசி முடிவு செய்வது என்பது அந்தச் சட்டத்தின் நினைப்பு. கங்காணியின் கைநாட்டுக் காலத்திலிருந்து ஒப்பந்தங்களைப் பார்த்து வந்தவர்கள் நாம். கூலியும் துரையும் சமமாக உட்கார்ந்து செய்த ஒப்பந்தம் எதுவும் நம் நினைவில் இல்லை. 1919-ல் தொழிலாளர் நிறுவனம் பிறந்ததே இந்தச் சமமின்மையை ஈடு செய்யத்தான். தூரினில் நீதிபதிகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியதும் அதுவே.

அந்நிய நாட்டு நீதிபதிகள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வெகுதூரம் போகவேண்டாம். இந்திய உச்சநீதிமன்றம் 1982-ல் டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டட வேலையாட்கள் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்து வாங்கும் வேலையும் கட்டாய வேலையே என்று தீர்ப்புக் கூறியது. வயிற்றுப் பசியும் ஒரு சாட்டைதான் என்பதை அந்த நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 1997-ல் விசாகா வழக்கில், வேலையிடத்தில் பெண்களைத் தொந்தரவு செய்வதைத் தடுக்க நாட்டில் தனிச் சட்டம் இல்லாதிருந்தபோது, ஐ.நா. உடன்படிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு விதிமுறைகளை வகுத்துக் கொடுத்தது. கானடாவின் உச்சநீதிமன்றம் 2007-ல் தன்னுடைய பழைய தீர்ப்பையே மாற்றிக்கொண்டு, கூட்டுப் பேரம் அரசியல் சட்ட உரிமை என்றது. 87-ஆம் உடன்படிக்கையை அதற்குத் துணைக்கு அழைத்தது.

நம் நாட்டு நீதிபதிகளுக்கு இது புதிதென்றும் சொல்ல முடியாது. 1988 பிப்ரவரியில் பெங்களூரில் நீதிபதிகள் கூட்டம் ஒன்று நடந்தது. இந்தியாவின் பகவதி கூட்டினார். உள்நாட்டுச் சட்டம் தெளிவில்லாத இடத்தில் அனைத்துலக உரிமைச் சாசனங்களை நோக்குவது நீதிமன்றத்தின் இயல்பான வேலையே என்று அங்கு கூடியவர்கள் கொள்கை வகுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களுள் ஒருவர் நமது துன் சாலே அபாஸ், அன்றைய நீதித்துறைத் தலைவர். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அது வேறு காரணங்களுக்காக நடந்த பெரிய கதை. இங்கே விரிக்க இடமில்லை. பெங்களூரில் விதைத்தது இங்கே முளைக்கும் முன் நிலமே மாறிப்போயிற்று என்பது மட்டும் நம் மனத்தை உறுத்துகிறது.

இனித் தோட்டத்துக்கே வருவோம். மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று வந்து நம்மோடு நிரையில் நிற்கும் இந்தோனேசியத் தோழரும் வங்காளதேசத் தோழரும் வேலையில் அடிபட்டால் என்ன ஆகிறது? 19-ஆம் உடன்படிக்கை 1925-ல் எழுதப்பட்டது. விபத்து நஷ்ட ஈட்டில் உள்நாட்டான், அயல்நாட்டான் என்ற பேதம் கூடாது என்பது அதன் ஒற்றைக் கட்டளை. தீபகற்ப மலேசியாவுக்கு அது 1957 முதல் பொருந்தும். இருந்தும் 1993-ல் அயல்நாட்டுத் தொழிலாளரைச் சொக்சோவிலிருந்து வெளியே எடுத்து, 1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் கீழ்த் தள்ளினார்கள். சொக்சோவில் கை இழந்தவனுக்கு மாதாமாதம் பணம். பழைய சட்டத்தில் ஒரு தொகையைக் கையில் கொடுத்துக் கப்பலேற்றிவிடலாம். ஒரே மரத்தடியில் விழுந்தவர்களில் ஒருவருடைய எலும்புக்கு ஒரு விலை, மற்றவருடைய எலும்புக்கு வேறு விலை. ஜெனீவாவில் நிபுணர் குழு ஆண்டுக்காண்டு கேட்டது. மகாநாட்டில் நமது அரசாங்கப் பிரதிநிதி எழுந்து பதில் சொல்ல நேர்ந்தது. கடைசியில் 2019 ஜனவரி 1 முதல் அயல்நாட்டுத் தொழிலாளர் மீண்டும் சொக்சோவுக்குள் வந்தார்கள். இருபத்தாறு ஆண்டுகள்! அந்த இருபத்தாறு ஆண்டுகளில் எத்தனை வழக்கறிஞர்கள் தங்கள் மனுவில் 19-ஆம் உடன்படிக்கை என்று ஒரு வரி எழுதினார்கள்? எழுதச் சொல்லி நாம்தான் எத்தனை பேரைக் கேட்டோம்?

இன்னொன்று, இன்று அவசரமானது. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் 90பி என்ற புதுப் பிரிவு நடைமுறையில் இருக்கிறது. மிரட்டியோ ஏமாற்றியோ ஒருவரிடம் வேலை வாங்கி, அவரை வெளியே போகவிடாமல் தடுத்தால் ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டாண்டு சிறை, அல்லது இரண்டும். நல்ல சட்டம். ஆனால் மிரட்டல் என்பது என்ன? தடியும் பூட்டும் மட்டுமா? கடவுச்சீட்டை மானேஜர் அலமாரியில் வைத்திருப்பது? ஊரில் ஏஜண்டுக்குக் கொடுத்த கடன் தீரும்வரை கூலியைப் பிடித்து வைப்பது? அவர் தாமாகத்தான் வந்தார், கையெழுத்துப் போட்டார் என்று எதிர்த்தரப்பு சொல்லும். 29-ஆம் உடன்படிக்கையும் அதைப்பற்றி நிபுணர்கள் தொண்ணூறு ஆண்டுகளாக எழுதிவரும் விளக்கங்களும் இந்தக் கேள்விகளுக்கு விடை தருகின்றன. அதைப் படிக்காத நீதிபதி முன் 90பி வெறும் எண்ணும் எழுத்துமாய் நிற்கும்.

அந்நியத் தராதரம் நமது நாட்டு நிலைமைக்கு ஒத்துவராது என்று முதலாளிமார் பக்கம் ஒரு பழைய பல்லவி உண்டு. ரப்பர் விலை மட்டும் அந்நியச் சந்தையில் நிர்ணயமாகலாம், ரப்பர் வெட்டுபவனின் உரிமை மட்டும் உள்ளூர்த் தராதரத்தில் நிற்க வேண்டுமாம்! 2020-ல் அமெரிக்கச் சுங்க இலாகா இந்நாட்டின் இரண்டு பெரிய தோட்ட நிறுவனங்களின் செம்பனை எண்ணெயைத் துறைமுகத்தில் தடுத்து நிறுத்தியது. எந்த அளவுகோலை வைத்து? அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் வகுத்த கட்டாய வேலையின் பதினொரு அடையாளங்களை வைத்து. அமெரிக்கச் சுங்க உத்தியோகஸ்தர் படித்து வைத்திருக்கும் பட்டியலைக் கோலாலம்பூர் வழக்கறிஞர் படிக்காமல் இருப்பது யாருக்குப் பெருமை?

நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை நீதிபதி கைகட்டி நிற்க வேண்டும் என்பதையும் நாம் ஒப்பவில்லை. தொழிலியல் உறவுச் சட்டத்தின் 30(5)-ஆம் பிரிவு தொழிலியல் நீதிமன்றத்துக்கு என்ன சொல்கிறது? சட்ட நுணுக்கங்களையும் வடிவங்களையும் பாராமல், நியாயம், நல்ல மனச்சாட்சி, வழக்கின் உண்மையான தகுதி இவற்றின்படி நடக்க வேண்டும் என்கிறது. நியாயம் எது என்று உலகத்துத் தொழிலாளரும் முதலாளிகளும் அரசாங்கங்களும் மூன்று தரப்பாய் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். மனச்சாட்சிக்கு இதைவிட நல்ல துணைநூல் வேறு எங்கே கிடைக்கும்? சட்டத்தை அதன் சமூக நோக்கத்தோடு படிக்கும் நீதிபதிகள் நம்மிடையே இல்லாமலில்லை. பெட்டாலிங் ஜெயா ஓட்டல் வழக்கில், சேவைக் கட்டணத்தை எடுத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக்கூடாது என்று 2021-ல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது; நீதியரசர் நளினி பத்மநாதன் எழுதிய தீர்ப்பு அது. ஓட்டல் தொழிலாளரின் தட்டிலிருந்து எடுத்து அவர்களுக்கே பரிமாறும் தந்திரம் அன்று உடைந்தது.

2021 ஜனவரி முதல் இந்த விஷயத்துக்கு முக்கியத்துவம் இன்னும் கூடிவிட்டது. முன்பு வேலை நீக்க வழக்கைத் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்புவதும் அனுப்பாததும் அமைச்சரின் விருப்பம். எத்தனையோ வழக்குகள் அந்த மேசையிலேயே மாண்டன. இப்போது சமரசத்தில் தீராத வழக்கைத் தலைமை இயக்குநர் நேரே நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். தீர்ப்பு பிடிக்காதவர் உயர்நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். கதவு அகலமாகிவிட்டது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் எதைப் படித்தவர் என்பது முன்னைவிடப் பெரிய கேள்வியாகிவிட்டது.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமல்ல. ஆண்டுக்கு ஒருவரையோ இருவரையோ தூரினுக்கு அனுப்பிப் படம் எடுத்துப் போடுவதால் பயனில்லை. பாங்கியில் சர்க்காரின் நீதி, சட்டப் பயிற்சி நிலையம் இருக்கிறது. நீதித்துறை அதிகாரிகளும் அரசாங்க வழக்கறிஞர்களும் அங்கேதான் பயிற்சி பெறுகிறார்கள். அந்தப் பாடத்திட்டத்தில் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு ஓர் இடம் வேண்டும். தொழிலியல் நீதிமன்றத் தலைவர்கள் அந்த ஆசனத்தில் அமரும் முன் அந்தப் பாடத்தை முடித்திருக்க வேண்டும். பாடம் நடத்துபவர்களுள் சட்டப் பேராசிரியர் மட்டும் போதாது; லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரும் வேண்டும். வகுப்புக்கு வரும் நீதிபதிகளைக் கிள்ளான் தோட்டம் ஒன்றுக்கு ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அழைத்துப் போனால் ஒரு மாதப் பாடம் அரை நாளில் முடிந்துவிடும் என்பது நம் எண்ணம். வழக்கறிஞர் மன்றமும் இளம் வழக்கறிஞர்களுக்கு இதைக் கட்டாயமாக்கலாம்.

நம் வீட்டுக் குப்பையையும் கூட்ட வேண்டும். தொழிலியல் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தோன்ற நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். சங்க உத்தியோகஸ்தர் சட்டப்படியே உறுப்பினருக்காக வாதாடலாம். தொழிற்தகராறுகளை விசாரிக்கும்போது நீதிமன்றத் தலைவரின் பக்கத்தில் தொழிலாளர் தரப்பு உறுப்பினர் ஒருவரும் அமர்கிறார். இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? கமிட்டித் தேர்தலுக்குச் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை உடன்படிக்கைகளைப் படிப்பதில் செலவிட்டோமா? நீதிபதியைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லும் நாம் முதல் பெஞ்சில் உட்காரத் தயாராக இருக்க வேண்டும்.

1941-ல் இதே கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் தலைமையில் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. பெண்களைத் தொந்தரவு செய்வது நிற்க வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பவையும் இருந்தன. மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். படை வந்தது. சுட்டார்கள். தொழிலாளர் மாண்டனர். பிரிட்டிஷ் அரசாங்கம் 29-ஆம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு அப்போது பத்தாண்டு ஆகியிருந்தது. அதை எடுத்துச் சொல்ல நாதனுக்கு ஒரு நீதிமன்றம் கிடைக்கவில்லை, ஒரு வழக்கறிஞர் கிடைக்கவில்லை. இன்று நமக்கு நீதிமன்றமும் இருக்கிறது, பிரிக்பீல்ட்ஸில் வேண்டிய மட்டும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள்.

29, 98, 100, 19 ஆகிய நான்கு உடன்படிக்கைகளின் முக்கியப் பகுதிகளை எளிய தமிழிலும் மலாயிலும் அச்சிட்டுக் கிளைகளுக்கு அனுப்ப வேண்டும் என்று தலைமைக் காரியாலயத்தைக் கேட்டுக்கொள்கிறோம். கிளைச் செயலாளர்கள் அதை அலமாரியில் வைத்துப் பூட்டாமல், வழக்கறிஞரிடம் போகும் ஒவ்வோர் உறுப்பினரின் கையிலும் ஒரு பிரதி கொடுத்தனுப்ப வேண்டும். வேலை நீக்கக் கடிதம் பெற்ற தோழர்கள் நீக்கப்பட்ட நாளிலிருந்து அறுபது நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதை மறவாதீர்கள். அறுபத்தோராம் நாள் வருகிறவருக்கு ஜெனீவாவும் உதவாது, தூரினும் உதவாது. கடிதத்தில் உள்ள தேதியையும் அது கைக்குக் கிடைத்த தேதியையும் குறித்துக்கொண்டு அன்றே கிளைக்கு வந்து சேருங்கள்.